வயித்துக் கிருமிய வச்சு இடப்பெயர்ச்சி தேடறப்போ நாம விடற கோட்டை

மனுஷங்க எங்கேந்து எங்க போனாங்கன்னு, அவங்க வயித்துல இருக்கற ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமியோட டிஎன்ஏவ வச்சுத் தேடறதுதான் எங்க வேலை. இதுக்குப் புதுசா வர்றவங்க அனுப்பற ரிசல்ட்ட திறந்தா, நான் அன்னிக்கு கோட்டை விட்ட அதே எடத்துலதான் நிக்கறாங்க. சாம்பிள் பேர் மாறிப்போறது மாதிரி சின்ன விஷயமெல்லாம் ரெண்டு தடவ அடிபட்டா தானா சரியாயிடும், அத விடுங்க.

மரம் போட்டு தேதி குறிக்கறது

ஹெலிகோபாக்டர் பைலோரியோட ஏழு ஹவுஸ்கீப்பிங் ஜீன் (கிருமி உயிர் வாழ அன்றாடம் தேவைப்படற ஜீன்) சீக்வென்ஸ், அதாவது எழுத்து வரிசை, கைக்கு வந்ததும், ஏழையும் ஒண்ணாக் கோத்து வம்ச மரம் போட்டு, ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை ஆயிரம் வருஷம்னு எழுதிடறாங்க. ஆனா இந்தக் கிருமி பக்கத்துல வேற ஸ்ட்ரெயின் (இதே கிருமியோட வேற வம்சம்) இருந்தா அதோட டிஎன்ஏ துண்ட எடுத்து தனக்குள்ள சொருகிக்கும், அதுவும் கொஞ்சநஞ்சமில்ல, ஒரே ஜீன்லயே முன்பாதி ஒரு வம்சம் பின்பாதி இன்னொரு வம்சம்னு இருக்கும், அதுக்குப் போய் ஒரே மரமா?

நானும் போட்டேன். ஐரோப்பியக் கிளை பிரிஞ்ச தேதி கெடச்சிடுச்சுன்னு நாலு மாசம் குதிச்சேன். கூட வேலை பாத்தவர் ஏழு ஜீனுக்கும் தனித்தனியா மரம் போடச் சொன்னார், ஏழும் ஏழு கதை சொல்லுச்சு. இன்னிக்கு நெனச்சாலும் எரிச்சல்தான்.

ஏன்னா ஐரோப்பிய வகை ஒரு கிளையே இல்ல, ஆசியப் பக்கமும் ஆப்பிரிக்கப் பக்கமும் கலந்த கலவை. 1991ல ஆல்ப்ஸ் பனியில கெடச்ச ஓட்ஸி, சுமார் 5,300 வருஷம் முன்னாடி செத்தவர், அவர் வயித்துக் கிருமியோட ஜீனோம் 2016ல வந்துச்சு, கிட்டத்தட்ட முழுசும் ஆசிய வகை. ஒரே ஆளுதான், இருந்தாலும் ஆப்பிரிக்கப் பங்கு பெருசா வந்து சேந்தது அவருக்கப்புறம்னு அது காட்டுது. என் மரத்துலயோ அந்தக் கலவை பழங்காலத்துக் கிளை மாதிரி கம்பீரமா நின்னுச்சு!

அதனால மொதல்ல ஸ்ட்ரக்சர்ங்கற மூதாதைக் கலவைய பிரிக்கற சாஃப்ட்வேர, பக்கத்துப் பக்கத்துத் துண்டுங்க ஒண்ணா வர்றதயும் கணக்குல எடுக்கற லிங்கேஜ் மாடலோட ஓட்டி, எந்தத் துண்டு எந்த மூதாதைக்குன்னு பிரிங்க, முழு ஜீனோம் இருந்தா குரோமோசோம் பெயிண்டிங், அதாவது ஒவ்வொரு துண்டும் யாரோடத ஒத்திருக்குன்னு பாத்துக் குறிக்கற முறை. தேதி அப்புறம். கிழக்கு ஆப்பிரிக்காவுலேந்து சுமார் 58,000 வருஷம் முன்னாடி பரவுச்சுன்னு 2007ல சொன்னதும் சிமுலேஷன் (கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்கற மாதிரி ஓட்டம்) ஓட்டித்தான், மரத்துலேந்து எடுத்து இல்ல.

கேக்-ஏ ஜீன்

இது இந்தக் கிருமியில நோயோட ஒட்டின ஜீன், இயற்கைத் தேர்வுன்னு சொல்ற செலெக்‌ஷன் அத ஒரு பக்கமா இழுத்துடும். பூர்வீகம் தேட இது வேண்டாம்.

காலனிய மொத்தமா வழிச்சு எடுக்கறது

காலனின்னா தட்டுல வளர்ற கிருமிக் கூட்டம். ஒரே வயித்துல ரெண்டு ஸ்ட்ரெயின் இருக்கலாம், மொத்தமா வழிச்சா ரெண்டும் கலந்துடும். ஒத்தக் காலனிய மட்டும் எடுங்க.

ஆஸ்பத்திரி ஊரையே பூர்வீகம்னு போடறது

இது பெரும்பாலும் சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே ஒட்டிக்கற கிருமி. லடாக்ல ஒரே ஊர்ப்பக்கம் வாழற பௌத்தர், முஸ்லிம் ரெண்டு பேர்கிட்டயும் கிருமி வித்தியாசமா இருந்தத 2004லயே காட்டிட்டாங்க. அதனால நோயாளி எங்க படுத்திருக்கார்னு எழுதாம, அவரோட அப்பா அம்மா, தாத்தா பாட்டி எந்த ஊர், வீட்டுல என்ன பாஷைன்னு ஃபார்ம்லயே கேட்டு வாங்கிடுங்க, ஏன்னா அப்புறமா அவங்கள தேடிப் பிடிக்க முடியாது.