சின்ன ட்யூப் டிவி: பலரும் செய்யும் தவறுகள்

2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவிகளில் சில இன்றும் ஓடுகின்றன. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, வேகமான காட்சியில் படம் இழுக்காது. பழைய டிவி கேமின் துப்பாக்கி ட்யூப் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். படம் 576 வரிகளுக்கு மேல் கிடையாது. எச்டி தெளிவை எதிர்பார்க்கக் கூடாது.

இணைப்பில்தான் முதல் சறுக்கல். எச்டிஎம்ஐ துளை மட்டும் உள்ள செட்டாப் பாக்ஸுக்குக் கன்வெர்ட்டர் வாங்கும்போது ‘எச்டிஎம்ஐ டு ஏவி’ என்று கேட்டு வாங்குங்கள். ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ அதே மாதிரி தெரியும். ஆனால் எதிர்த்திசையில் வேலை செய்வது, இங்கே உதவாது. கன்வெர்ட்டரில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு ஒளிபரப்பு முறைகளுக்கான சுவிட்ச் இருந்தால் PAL பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் பல செட்டுகளில் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது உருளும். டிவியில் ஆடியோ துளை ஒன்றுதான் என்றால் செட்டாப் பாக்ஸில் ஒலியை மோனோவாக (இரு பக்க ஒலியும் ஒன்றாக) மாற்றுங்கள். இல்லையேல் பாதி ஒலி போய்விடும். பட அளவை 4:3 லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடும் முறை) என்று வைத்தால் செய்தி ஓடும் வரியின் ஓரங்கள் வெட்டுப்படாது. ஆனால் 27 செ.மீ. அகலத் திரையில் படத்தின் உயரம் 15 செ.மீ.தான் மிஞ்சும்.

ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைப்பது அடுத்தது. அதன் காந்தம் திரைக்குப் பின்னால் உள்ள துளைத்தகட்டில் ஏறிக்கொள்ளும். மூலையில் பச்சை, ஊதாத் திட்டு விழும். உடனே டிவியை மாற்றி மாற்றி ஆன், ஆஃப் செய்வார்கள். பலன் இருக்காது. ஆன் செய்யும்போது ‘டும்’ என்று அதிரும் டீகாஸ் சுருள்தான் காந்தத்தை நீக்குகிறது. அதைக் கட்டுப்படுத்தும் பாசிஸ்டர் சூடானால் மின்தடை கூடும் பாகம். அது சூடாக இருக்கும்வரை சுருளுக்குப் போதிய மின்சாரம் போகாது. ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு, ரிமோட்டில் அல்லாமல் மெயின் சுவிட்சிலேயே நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டு ஆன் செய்யுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் போகவில்லையா? மெக்கானிக்கிடம் கையில் பிடித்துச் சுற்றும் டீகாஸ் சுருள் இருக்கும். அந்த ‘டும்’ கேட்கவே இல்லை என்றால் பாசிஸ்டரைச் சந்தேகப்படலாம். விலை குறைந்த பாகம்தான். செட் கீழே விழுந்து தகடு வளைந்திருந்தால் மட்டும் வழியில்லை.

பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். ட்யூபின் தலையில் ரப்பர் தொப்பிக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சரிலும் 300 வோல்ட் நிற்கும். படம் மங்கியதும் எல்ஓடியில் (ட்யூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ள ‘ஸ்கிரீன்’ திருகைக் கூட்டச் சொல்வதும் வழக்கம். கொஞ்ச நாள் பளிச்சென்று தெரியும். பிறகு குறுக்கே சாய்ந்த வெள்ளைக் கோடுகள் வரும், ட்யூபும் சீக்கிரம் தேயும். ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்தே படம் தெளிகிறது என்றால் ட்யூப் ஓய்ந்துவிட்டது. இந்த அளவு டிவிக்கு ட்யூப் மாற்றுவது காசுக்குக் கேடு.

திரை நடுவில் படுக்கையாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஓடவிட்டால் அந்த இடத்தில் திரை கருகிவிடும். பெரும்பாலும் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசி பழுது, அல்லது அங்கே விட்டுப்போன பற்றவைப்பு. சின்ன வேலை.

மேலே பூத்துணி விரித்துக் காற்றுத் துளையை மூடாதீர்கள். மழைக்காலத்தில் பின்னால் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் வந்தால் தொப்பியைச் சுற்றி ஈரமும் தூசியும் சேர்ந்து மின்சாரம் கசிகிறது என்று பொருள். இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் கழற்றுங்கள்.

எடை சுமார் 10 கிலோ, கனமான கண்ணாடி இருப்பதால் அது பெரும்பாலும் முன்பக்கத்தில்தான். ஆழம் குறைந்த ஸ்டூலின் விளிம்பில் வைத்தால், குழந்தை பிடித்து இழுத்ததும் முகம் குப்புற விழும்.

பழுதானபின் தாமிரக் கம்பிக்காக ட்யூபை உடைப்பவர்கள் உண்டு. உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி தெறிக்கும். அந்தக் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. முழுசாகவே மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.