வாசித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது விடும் பிழைகள்

சில வருடங்களுக்கு முன்பு, திருகோணமலையில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில் நயவுரை சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. சிறுகதைத் தொகுதி. பன்னிரண்டு கதைகளில் ஐந்தைத்தான் வாசித்திருந்தேன். மீதியை அணிந்துரையை வைத்துச் சமாளித்தேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எழுதியவர் பக்கத்தில் வந்தார். “கடைசிக் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே தம்பி? அதை எழுதத்தான் எனக்கு இரண்டு வருடம் போனது” என்றார். அன்றிரவே அதை வாசித்தேன். தொகுதியில் அதுதான் ஆகச் சிறந்த கதை. அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

முழுவதும் வாசிக்காதது மட்டும் அல்ல பிழை, அதை மறைத்ததுதான் பெரிய பிழை. பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றியும் பேசலாம். “நூறாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன், இன்ன இடத்தில் அலுத்துப்போனது” என்று சொன்னால் கேட்பவருக்கு அது பயன்படும். எவ்வளவு வாசித்தோம் என்பது தெரியாவிட்டால் நம்முடைய பாராட்டுக்கும் பெறுமதி இல்லை, குறைக்கும் பெறுமதி இல்லை.

கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்புவித்துவிட்டு “நல்ல நாவல்” என்று முடிப்பது இன்னொன்று. கதைச்சுருக்கம் பின்னட்டையிலேயே இருக்கிறது. உங்களை நிறுத்திய ஒரு பந்தியை வாசித்துக் காட்டுங்கள், போதும்.

எங்களுடையது போன்ற சின்ன ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதியவர் நமக்குப் படிப்பித்த சேராக இருப்பார், இல்லாவிட்டால் மாமாவின் கூட்டாளியாக இருப்பார். குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அப்போது புத்தகத்தை விட்டுவிட்டு அவருடைய குணநலன்களைப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அவரைத் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், பிறகு எழுத்துக்கு வாருங்கள். குறையைக்கூட மரியாதையாகச் சொல்ல முடியும். “இந்த இடத்தில் உரையாடல் எனக்கு ஒட்டவில்லை சேர்” என்றால் அவர் கோபிக்கமாட்டார். கோபித்தாலும், இரண்டு நாள் கழித்து அதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்பார்.

ஊர்ப்பெருமையும் கண்ணை மறைக்கும். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத வாசகர் குறைவு, வாசித்தவரும் குறைவு. “முதல்” என்ற ஒரு சொல்லோடு கருத்து முடிந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் அங்கே திருகோணமலை இல்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நாயக்கர் ஆண்ட காலத்தில் கதை நடக்கிறது. நம் ஊர்க்காரர் ஏன் அவ்வளவு தூரம் போனார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

அபுனைவு நூல்களில்தான் நாங்கள் அதிகம் வழுக்கி விழுகிறோம். வருடமும் அடிக்குறிப்பும் இருந்துவிட்டால் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறோம். ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸை எடுத்துக்கொள்வோம். 1660இல் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்துக்குள் கைதியாக வாழ்ந்து, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக்குத் தப்பி வந்தார். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. மூதூரில் பிடிபட்டவர் என்பதற்காக, அந்தக் காலத்துத் திருகோணமலைக்கு அவரைச் சாட்சியாக இழுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர் வாழ்ந்து பார்த்தது மலைநாட்டுக் கிராமங்களை. வயல், உணவு, சடங்கு பற்றி அவர் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தவரின் குரல் கேட்கிறது. அரசனைப் பற்றிய பலதும் கைதி ஒருவனின் காதுக்கு எட்டிய செய்தி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. எழுதியவர் எங்கே நின்று பார்த்தார், எதைக் காதால் மட்டும் கேட்டார் என்று பிரித்துப் பாருங்கள்.

இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பெயரைப் பார்த்து, கல்லில் பொறித்த சாசனம் என்று எண்ணி மேற்கோள் காட்டுகிறார்கள். அது கவிராசவரோதயர் செய்யுளும் உரைநடையுமாக ஆக்கிய நூல். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியையும், அங்கே யார் யார் என்னென்ன ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கையும் சொல்வது. கல்லிலேயே பார்க்க வேண்டுமா? திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டை வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். வாசலில் இரட்டைக் கயலும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. நூல், கல் இரண்டும் எங்களுக்குப் பெரிய சொத்து. ஆனால் நூல் என்பது ஒரு சமூகம் தன்னைப் பற்றி நினைவில் வைக்க விரும்பியதைச் சொல்கிறது. கல்லிடம் கேட்கும் கேள்வியை அதனிடம் கேட்டால் நூலுக்கும் அநியாயம், வரலாற்றுக்கும் அநியாயம்.

புனைவில் இதே பிழை தலைகீழாக நடக்கும். பாத்திரம் பேசிய பேச்சை எழுத்தாளரின் தலையில் கட்டுகிறோம். தகவல் பிழை பிடிப்பதையே விமர்சனம் என்று நினைக்கிறோம். தொண்ணூறுகளில் நடக்கும் கதையில் ஒருவன் கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போனால், அது பிழைதான். பாலம் திறந்தது 2009இல், அதற்கு முன்பு ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் துறையைக் கடந்தோம். கதையின் உயிர் அந்தக் கடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதை வரும்வரை காத்து நின்ற நேரம் கதைக்குத் தேவையென்றால் இது பெரிய ஓட்டை. வெறும் போக்குவரத்து என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால், வசனம் முரடாக இருக்கிறது என்று மூல ஆசிரியரைத் திட்டுவதற்கு முன் மொழிபெயர்த்தவர் யார் என்று பாருங்கள்.

கடைசியாக, ஒருமுறை சொன்ன கருத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பது. இருபது வயதில் ஒரு நாவலை “ஒன்றுமே நடக்கவில்லை” என்று ஒதுக்கினேன். இடம்பெயர்ந்து வீடு திரும்பும் குடும்பத்தின் கதை. மூன்று அத்தியாயம் கிணறு இறைப்பதிலேயே போகும். போன வருடம் திரும்ப வாசித்தேன். இடையில் நாங்களும் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, பாழ்பட்ட கிணற்றை இறைத்திருந்தோம். வாளியில் வந்த சேற்றையும், அம்மா விளிம்பில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்ததையும் அந்த மூன்று அத்தியாயத்தில் கண்டேன். அன்று நாவலை வாங்க வேண்டாம் என்று நான் தடுத்த கூட்டாளிக்குப் போன் எடுத்து, நான் சொன்னது பிழை என்றேன். இப்போது அவன் என்னுடைய பிரதியைத்தான் வாசிக்கிறான். கிணற்று அத்தியாயத்துக்கு இன்னும் வரவில்லையாம்.