இங்கிலாந்துப் பள்ளிகளில் வகுப்பறை உதவியாளராகச் சேர விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற இடங்களில் வாழும் தமிழ்த் தாய்மார் பலர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் முதலில் எண்ணிப் பார்க்கும் வேலைகளில் ஒன்று வகுப்பறை உதவியாளர் வேலை. பிள்ளைக்கு விடுமுறை வரும்போது தமக்கும் விடுமுறை வரும் என்பது உண்மையான வசதிதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விளம்பரத்தில் அச்சாகும் ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் முழு நேரம் உழைப்பவருக்குரியது. நீங்களோ பிள்ளைகள் வரும் 190 நாள்களும் பயிற்சி நாள்கள் 5-ம் சேர்ந்த 39 வாரங்களுக்கே, அதுவும் நாளொன்றுக்குச் சில மணி நேரமே அமர்த்தப்படலாம். விகிதப்படி கணக்கிட்டால் மாதம் எவ்வளவு கைக்கு வரும் என்பதைக் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பணம் கட்டிப் படித்தால்தான் வேலை கிடைக்கும் என்று நம்புவதும் தவறு. இந்த வேலைக்கு இன்ன சான்றிதழ் கட்டாயம் என்று நாடு முழுவதற்குமான சட்டம் ஏதும் இல்லை. தகுதியை ஒவ்வொரு பள்ளியும் தானே தீர்மானிக்கிறது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கு பதினாறு வயதளவில் எழுதும் பொதுத் தேர்வு) அளவிலான தேர்ச்சியைப் பல பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. இந்த வேலைக்கென்றே உள்ள இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைச் சான்றிதழ்கள் பயன் தருபவையே எனினும், அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் வாரம் ஒரு காலைப்பொழுது பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும் தன்னார்வலராகச் சில மாதங்கள் இருந்து பார்த்தவருக்கு, அந்தச் சான்றிதழ் தராத தெளிவு கிடைத்துவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தில் இடைவெளி ஆண்டுகளை மறைக்கவும் வேண்டாம். பிள்ளை வளர்த்த ஆண்டுகளையும் வேறு நாட்டில் கழித்த ஆண்டுகளையும் அப்படியே எழுதுங்கள். பிள்ளைப் பாதுகாப்பை முன்னிட்டு, விளக்கப்படாத இடைவெளியைப் பற்றிப் பள்ளி கேட்டே ஆக வேண்டும். டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனையைப் பள்ளியே தொடங்கி வைக்கும். வெளிநாட்டில் வாழ்ந்தவரிடம் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றிதழையும் கேட்கக்கூடும் என்பதால் அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வகுப்புக்குள் சென்ற பிறகு நாம் அன்பினால் செய்வது. இலண்டன் கல்வியியல் நிறுவனத்தின் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் நடத்தி 2009-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற பிள்ளைகள், அவர்களை ஒத்த மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று காட்டியது. குறை உதவியாளர்களிடம் அல்ல, அவர்கள் பயன்படுத்தப்பட்ட முறையில்தான் என்றும் அது தெளிவாகச் சொன்னது. படித்தபோது எனக்கு வலித்தது. ஆனால் அதை நானே கண்ணால் கண்டிருக்கிறேன். உதவியாளராக என் முதல் ஆண்டில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அருகில் அமர்ந்திருந்தேன். 43-இலிருந்து 18-ஐக் கழிக்க எண்கோட்டில் பத்து பின்னோக்கித் தாவி 33-க்கு வந்தவன், அங்கே நின்றுவிட்டான். அவன் யோசிக்கும் அமைதியைத் தாங்க முடியாமல் என் பென்சில் முனையை 25-இன் மேல் கொண்டுபோய் வைத்தேன். அவன் எழுதினான், ஆசிரியர் சரி போட்டார், இருவரும் மகிழ்ந்தோம். அந்த வெள்ளிக்கிழமைச் சிறுதேர்வில் நான் வேறு மேசையில் இருந்தேன். அவன் தாளைப் பார்க்கவில்லை, என் வெற்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பின், பத்து வரை மனத்துக்குள் எண்ணிவிட்டு, “அடுத்து என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?” என்று மட்டும் கேட்கப் பழகினேன். விடையைச் சொல்லாமல் அருகிலேயே இருப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

அடுத்தது ஒலிப்பயிற்சி, அதாவது ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கப் பழக்குவது. தொடக்க வகுப்பில் ‘ப்’, ‘இ’, ‘ன்’ என்று ஒலித்தால் பிள்ளை ‘பின்’ என்று சேர்த்துவிடும். ‘ப, இ, ன’ என்று சொன்னால் சேராது. புள்ளி வைத்த மெய்யெழுத்தை அறிந்த நமக்கு இது கைவந்த விஷயம், ஆயினும் ஆங்கில எழுத்தைக் கண்டதும் பழக்கத்தால் அகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். 2012 முதல் ஆறு வயதில் நடக்கும் ஒலிச் சோதனையின் 40 சொற்களில் 20 பொருளற்றவை. பயிற்சியின்போது அவற்றைப் பொருளுள்ள சொற்களாக மாற்றித் திருத்திவிடக் கூடாது.

பிள்ளை தனியாக வந்து, “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று ஏதாவது சொல்லத் தொடங்கினால், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். துருவிக் கேட்கவும் வேண்டாம். பிள்ளையின் சொற்களை மாற்றாமல் எழுதி, பள்ளியின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே, தாமதமின்றிக் கொடுங்கள்.

நம்மவருக்கே உரிய இக்கட்டு ஒன்றும் உண்டு. கோயிலில் பார்த்துப் பழகிய தாய், மாலையில் பள்ளி வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, என்ர பிள்ளை எப்படிப் படிக்கிறான்?” என்று தமிழில் கேட்பார். ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கியே அவர் உங்களிடம் வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தவறு, அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் தவறு. “ஆசிரியரிடம் நேரம் கேட்டு வையுங்கோ தங்கச்சி, பள்ளி சம்மதித்தால் நானும் வந்திருந்து தமிழில் சொல்லுறன்” என்று நான் சொல்வதுண்டு.