முதல் கேஸ் ரிப்போர்ட் எழுதுவது எப்படி? காலவரிசையிலிருந்து தொடங்குங்கள்

கேஸ் ரிப்போர்ட் என்பது ஒரு நோயாளியின் நோய்க்கதையை மருத்துவ இதழுக்கு எழுதும் கட்டுரை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது என்று தயங்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் தாலிடோமைடு மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கடுமையான உறுப்புக் குறைபாடுகள் இருப்பதாக 1961-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதியது ஒரு சின்னக் கடிதம்தான். 1981 ஜூனில் எய்ட்ஸ் நோயை முதன்முதலில் பதிவு செய்த குறிப்பிலும் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த 5 நோயாளிகள் மட்டுமே. பெரிய புள்ளிவிவரம் எதுவும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள், அவ்வளவுதான். நீங்கள் பழக வேண்டியதும் அதைத்தான்.

படி 1: ஒப்புதல்

நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதற்குள் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கிவிடுங்கள். சிகிச்சைக்குக் கொடுத்த கையெழுத்து இதற்குச் செல்லாது. வெளியிடுவதற்கென்று தனியாக வேண்டும். பெயர், மருத்துவமனை எண், தேதி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். புகைப்படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடாது; தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மறைக்க வேண்டும் என்பதற்காக வயதையோ பாலினத்தையோ மாற்றி எழுதுவதும் கூடாது. அது தகவலையே பொய்யாக்கிவிடும்.

படி 2: ஒரே ஒரு கேள்வி

"அரிதான நோய்" என்பது மட்டும் எழுதப் போதாது. இதைப் படிக்கும் மருத்துவர் நாளைக்கு எதை வேறுமாதிரி செய்வார்? ஒரு வரியில் பதில் வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் தேடிப் படியுங்கள்.

படி 3: காலவரிசை

பெரும்பாலானவர்கள் முன்னுரையில் ஆரம்பித்து அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் காலவரிசையைப் போடுங்கள். தேதிக்குப் பதிலாக நாள் எண். ஒரு கற்பனை உதாரணம்:

நாள் 0: ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு (சுருக்கமாக, தயசைடு) தொடக்கம். ரத்தத்தில் சோடியம் 138 (mmol/L). இரண்டு வருடமாக மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலினும் சாப்பிடுகிறார்.
நாள் 9: சோர்வு, குமட்டல்.
நாள் 12: மனக்குழப்பம், தடுமாற்றம். சோடியம் 116. தயசைடு நிறுத்தப்பட்டது, அன்றே அடர் உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது.
நாள் 13: சோடியம் 122.
நாள் 18: சோடியம் 134. குழப்பம் இல்லை.

இந்த ஐந்து வரியை எழுதியதுமே ஓட்டைகள் கண்ணில் படும். சரியானது மருந்தை நிறுத்தியதாலா, உப்புக் கரைசலாலா? செர்ட்ராலினும் சோடியத்தைக் குறைக்கக்கூடிய மருந்துதானே? டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தக் கேள்விகள் தெரியாது. அதனால் நோயாளி கையில் வைத்திருக்கும் சீட்டு, லேப் அறிக்கை, மருந்து அட்டவணை மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

படி 4: எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?

மருந்தின் பக்கவிளைவு என்று சந்தேகித்தால், மருந்துதான் காரணமா என்பதைப் புள்ளி போட்டு மதிப்பிடும் நரஞ்சோ அளவுகோல் உதவும். 1981-இல் வந்தது, 10 கேள்விகள். மேலே உள்ள உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பே உறுதியான பதிவுகள் உண்டு: +1. மருந்துக்குப் பிறகு வந்தது: +2. நிறுத்தியதும் குறைந்தது: +1. ஆய்வகச் சோதனையில் உறுதி: +1. வேறு காரணமும் இருக்கலாம்: −1. மற்றவற்றுக்கு விடை தெரியாது: 0. மொத்தம் 4, அதாவது "சாத்தியம்" என்ற வகை. 5 முதல் 8 வரை வந்தால்தான் "பெரும்பாலும்", 9 அல்லது அதற்கு மேல் வந்தால் "நிச்சயம்".

வேறு காரணங்களைத் தேடிப்பார்த்து ஒதுக்கியிருந்தால் −1 என்பது +2 ஆகி, மொத்தம் 7-க்குப் போயிருக்கும். ஒரு கேள்வியில் மூன்று புள்ளி! அதனால் "தயசைடு சோடியத்தைக் குறைத்தது" என்று எழுதாதீர்கள். "தயசைடு தொடங்கி 12 நாளில் சோடியம் 116-க்கு இறங்கியது; செர்ட்ராலினின் பங்கையும் ஒதுக்க முடியவில்லை" என்று எழுதுங்கள். இதழின் மதிப்பாய்வாளர் கேட்கப்போவதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 5: கட்டுரையாக்குவது

கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென்றே 'கேர்' (CARE) வழிகாட்டி என்று ஒன்று உண்டு. 2013-இல் வெளியான 13 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல். பல இதழ்கள் அதையே கேட்கின்றன. நோயாளியே தன் அனுபவத்தைச் சொல்லும் பகுதியும் அதில் இருக்கிறது; தவற விடாதீர்கள். என் பழக்கம்: காலவரிசை, நோயாளி விவரம், விவாதம், கடைசியில் முன்னுரையும் சுருக்கமும். எந்த இதழ் என்பதை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சொல் வரம்பு இதழுக்கு இதழ் மாறும்.

அப்புறம், சிறிய ஆய்வு

இதே மாதிரி நோயாளிகள் சிலர் சேர்ந்ததும் "ஆய்வாகவே செய்துவிடலாமே" என்று தோன்றும். செய்யலாம். ஆனால் தரவு சேகரிப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். யாரைச் சேர்ப்போம், யாரை விடுவோம் என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள். நன்றாகத் தேறியவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் எந்த மருந்தும் அற்புத மருந்தாகத்தான் தெரியும்.

"30 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை, எனவே பாதுகாப்பானது" என்ற வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது: 3-ஐ நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 3/30, அதாவது 10 சதவீதம். உண்மையான விகிதம் 10 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள் (95 சதவீத நம்பக எல்லை). 300 பேரில் யாருக்கும் வராவிட்டால் அந்த மேல் எல்லை 1 சதவீதம். முடிவுப் பகுதியில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணையும் போட்டுவிடுங்கள்.