முதுமை ஆராய்ச்சிக்கு எதைப் படிப்பது? டர்பன் பள்ளி மாணவர்களுக்கான வழிமுறை

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தாத்தா பாட்டிகளின் சர்க்கரை நோயையும் மறதியையும் பார்த்து வளரும் பிள்ளைகள் பலர், முதுமையையே ஆராய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். அதற்கான படிப்பை இப்படித் தேர்ந்தெடுங்கள்.

முதல் படி: துறையை அறிந்துகொள்ளுங்கள்

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றில் ஒரே ஒரு மரபணு மாறினால் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று 1993-இல் சிந்தியா கென்யனின் குழு காட்டியது. முதுமையின் வேகத்தை மாற்ற முடியும் என்ற நம்பிக்கைக்கு அது பெரும் வலு சேர்த்தது. அந்தப் புழுவை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தவர் நம் ஜெர்மிஸ்டனில் பிறந்து விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்த சிட்னி பிரென்னர். 2002-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தப் பெயர்களில் தொடங்கி ஒரு மாதம் வாசியுங்கள்.

இரண்டாம் படி: கணிதத்தை விடாதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு கிரேட் 10-இலேயே வந்துவிடுகிறது. மதிப்பெண் கூடும் என்று, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் மேத்தமேட்டிக்கல் லிட்டரசி பாடத்துக்கு மாறினால் அறிவியல் பட்டப்படிப்பின் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும். கணிதம், பிசிக்கல் சயின்சஸ், லைஃப் சயின்சஸ் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கணிதம் சேர்க்கைக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். 2013-இல் ஸ்டீவ் ஹோர்வாத் உருவாக்கிய 'முதுமைக் கடிகாரம்', டி.என்.ஏ.வில் 353 இடங்களின் வேதி மாற்றங்களைக் கொண்டு ஒருவரின் வயதைக் கணிக்கிறது. அது முழுக்கப் புள்ளியியலின் வேலை. உயிரியல் மட்டும் தெரிந்தவர் அதைப் பயன்படுத்தலாம். அதன் குறையைக் கண்டுபிடிப்பது கடினம்.

மூன்றாம் படி: உங்கள் இயல்புக்கு ஏற்ற அடித்தளம்

ஆய்வக மேசையில் பொறுமையாக நிற்க முடிந்தால் உயிர்வேதியியல் அல்லது மரபியல். கணினியில் மனம் லயித்தால் புள்ளியியலோடு கணினி அறிவியல். இன்று ஆய்வுக்குழுக்கள் இவர்களையும் தேடுகின்றன. மனிதர்களிடம் பேசிப் புரிந்துகொள்ளும் ஆர்வம் இருந்தால் பொதுச் சுகாதாரம், நோய்ப்பரவலியல். ம்புமலங்காவின் அகின்கோர்ட் பகுதியில் நாற்பது வயதைக் கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வு இந்த வகைதான்.

மருத்துவம்? நோயாளிகளைக் கவனிக்க விருப்பம் இருந்தால் மட்டும். பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு இன்டர்ன்ஷிப், 1 ஆண்டு கட்டாய சமூக மருத்துவ சேவை முடிந்த பிறகே ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும். பெற்றோரின் ஆசைக்காக அந்த ஆண்டுகளைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

நான்காம் படி: ஆனர்ஸ் ஆண்டைக் குறிவையுங்கள்

மூன்றாண்டு பி.எஸ்சி. அடித்தளம் மட்டுமே. நான்காம் ஆண்டான ஆனர்ஸில்தான் சொந்த ஆய்வுத் திட்டம் கிடைக்கிறது. அதைத் தொடர்ந்து முதுநிலை, முனைவர் பட்டம். ஆகவே பாடத்தின் பெயரைவிட, அந்தத் துறையின் ஆசிரியர்கள் எதை ஆராய்கிறார்கள் என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு சென்ட்ரல் அப்ளிகேஷன்ஸ் ஆபீஸ் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மருத்துவத்தை முதலில் எழுதிவிட்டு, மீதி இடங்களைக் கைக்கு வந்தபடி நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பி.எஸ்சி. பிரிவும் கேட்கும் கணித மதிப்பெண்ணைப் பார்த்து, மேட்ரிக் (கிரேட் 12) ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டியலை எழுதி வைத்துவிடுங்கள்.