அமெரிக்கக் குடியேற்றப் பாடத்தை வீட்டில் சொல்லிக் கொடுப்பது எப்படி?

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகள் பாடம் வந்தால், "வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், நிலத்தைப் பிடுங்கினார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். மார்க் கிடைத்துவிடும். பாகுபாடு எப்படி ஒவ்வொரு வரியாகச் சட்டத்தில் ஏறியது என்பது மட்டும் மனதில் நிற்காது. அதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். 1640, அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமான வர்ஜீனியா. ஒரே எஜமானரிடமிருந்து மூன்று வேலையாட்கள் மேரிலாந்துக்குத் தப்பி ஓடிப் பிடிபடுகிறார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச். என்ன தண்டனை தரலாம் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். மூவருக்கும் ஒரே தண்டனையைத்தான் எழுதுவார்கள். அப்புறம் உண்மைத் தீர்ப்பைச் சொல்லுங்கள். மூவருக்கும் முப்பது கசையடி. முதல் இருவருக்கும் கூடுதலாக நான்கு வருட வேலை. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க அடிமை வேலை. "அவர் முன்னாடியும் ஓடியிருக்காரா ஆன்ட்டி?" என்று போன வருடம் ஒரு பெண் கேட்டாள். தீர்ப்பில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் கறுப்பினத்தவர் என்பது மட்டும் இருக்கிறது.

அடுத்து, வர்ஜீனியாவின் சட்டங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதனால் யாருக்கு லாபம்? 1662 சட்டப்படி, தாய் அடிமை என்றால் குழந்தையும் அடிமை. இங்கிலாந்து வழக்கத்தில் குழந்தைக்குத் தந்தையின் நிலைதான். அதைத் திருப்பிப் போட்டதால், அடிமைப் பெண்ணிடம் எஜமானனுக்குப் பிறந்த பிள்ளையும் அவனுக்கே சொத்தானது. இந்தச் சீட்டில் அவசரப்படாதீர்கள், பிள்ளைகள் யோசிக்கட்டும். 1667 சட்டம், ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது என்றது. 1676இல் ஏழை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஆளுநரை எதிர்த்து நத்தானியேல் பேக்கன் நடத்திய கலகத்தில் ஒன்றாக நின்றார்கள், தலைநகர் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. 1705 சட்டத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்த வெள்ளை வேலையாளுக்குச் சோளமும் பணமும் துப்பாக்கியும் கிடைத்தன. கறுப்பின அடிமைகள் அசையாச் சொத்தாக எழுதப்பட்டார்கள்.

"பிறப்பால முடிவாகுதுன்னா, நம்ம சாதி மாதிரியா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சிலபஸில் இல்லை என்று தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். எது ஒத்துப்போகிறது, எது வேறு என்று இரண்டு பத்தி போட்டு எழுத வையுங்கள். எங்கள் மேசையில் ஒரு மாலை முழுக்க அதற்கே போனது, போகட்டும்.

தன் இனத்தை அளவுகோலாக வைத்து மற்றவர்களைத் தாழ்வாகப் பார்ப்பதுதான் இனமையவாதம்; அந்தச் சொல்லுக்கு விளக்கம் மனப்பாடம் வேண்டாம். 1629இல் மாசசூசெட்ஸ் விரிகுடா குடியேற்றத்துக்குச் செய்த முத்திரையை வரையச் சொல்லுங்கள். வில்லும் அம்பும் ஏந்திய பூர்வகுடி ஒருவர், "வந்து எங்களுக்கு உதவுங்கள்" என்று சொல்வதுபோல் அதில் இருக்கும். அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தது யார் என்று கேளுங்கள். அடுத்த எட்டே வருடத்தில், 1637இல், கனெக்டிகட்டின் மிஸ்டிக் ஆற்றோரம் பெக்வாட் என்ற பூர்வகுடி மக்களின் ஊரைக் குடியேறியவர்கள் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 1638 ஒப்பந்தம், மிஞ்சியவர்கள் தங்களைப் பெக்வாட் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது என்றது.

பெயரைப் பிடுங்குவது என்றால் என்னவென்று டெல்லிப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். திருநெல்வேலியானாலும் ஹைதராபாத்தானாலும் இங்கே பள்ளியில் எல்லோரும் 'மதராசி'தானே. அதை உள்ளே நுழையும் வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளை பட்ட கேலியும் எரிந்த ஊரும் ஒன்றல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக விடைத்தாளைத் திருத்துங்கள். "பெக்வாட் மக்கள் வாழ்ந்தார்கள்" என்றுதான் எழுதியிருப்பார்கள். அவர்கள் இன்றும் கனெக்டிகட்டில், அதே பெயரோடு இருக்கிறார்கள். "வாழ்கிறார்கள்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.