மெஷின் இருக்கிறது, சரி. சத்தம் நின்றால்?

மயிலாப்பூரில் பாட்டு வகுப்பு நடத்தும் என் அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் என்று முடிவானதும் மருத்துவமனையில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். நடுவில் ஒரு வரி: ‘நெர்வ் மானிட்டரிங்’. ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு வேலை செய்கிறதா என்று மெஷின் வைத்துக் கவனிப்பது. தைராய்டு, முதுகுத்தண்டு, காதோர உமிழ்நீர்ச் சுரப்பி என்று எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் சென்னையில் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. எஸ்டிமேட்டில் அந்த வரியைப் பார்த்ததும் “அப்பாடா, குரலுக்குப் பயமில்லை” என்று நிம்மதியானோம். அதுதான் முதல் தவறு.

மெஷின் நரம்பைக் காப்பாற்றாது, எச்சரிக்கத்தான் செய்யும். குரல்நாண்களை அசைக்கும் நரம்பு இடப்பக்கத்தில் நெஞ்சுவரை இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறி, தைராய்டின் பின்புறத்தை ஒட்டிப் போகிறது. நூலிழை போல இருக்கும். மூச்சுக்குப் போடும் டியூபிலேயே மின்முனைகள் இருக்கும். அவை குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சர்ஜன் ஒரு கோலால் நரம்பைத் தொட்டு 1 மில்லியாம்பியர் போல மின்சாரம் கொடுத்தால் தசை துடிக்கும், பெட்டி சத்தம் போடும்.

கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது டியூப் கொஞ்சம் நகர்ந்தால் போதும், நரம்பு நன்றாக இருந்தாலும் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். தசையைத் தளர்த்தும் மருந்தின் வீரியம் மிச்சமிருந்தாலும் அப்படித்தான். ஆகவே சர்ஜனை மட்டும் பார்த்துவிட்டு மயக்க மருத்துவரிடம் பேசாமல் வருவது தவறு. முதுகுத்தண்டில் அவர் வேலை இன்னும் கறாரானது. மயக்க வாயு கூடினால் சிக்னல் தேய்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியாகவே மயக்கம் கொடுப்பார்கள். வலிப்பு, பேஸ்மேக்கர், காதுக்குள் ஆபரேஷன் செய்து பொருத்திய கருவி எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். 1970-களில் ஆபரேஷன் நடுவே நோயாளியை எழுப்பி, காலை அசைக்கச் சொல்லித்தான் பார்த்தார்களாம். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

இன்னொரு குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘நரம்பு ஊசி’ என்று சொல்லிச் சொல்லி, ரத்தக்குழாயும் நமக்கு நரம்பாகிவிட்டது. எங்கள் பெரியம்மா மானிட்டரிங் என்றால் கையில் போடும் டிரிப்ஸைக் கவனிப்பது என்றே நினைத்திருந்தார்.

கேட்காமல் விடக்கூடாத கேள்வி: “சிக்னல் போனால் என்ன செய்வீர்கள், டாக்டர்?” இரண்டு பக்கமும் எடுக்க வேண்டிய தைராய்டில், முதல் பக்கத்திலேயே சிக்னல் போய்விட்டால் மறுபக்கத்தை அன்று தொடாமல் நிறுத்துவது உண்டு. இரு நரம்பும் முடங்கினால் மூச்சே அடைத்து, கழுத்தில் துளை போட வேண்டி வரலாம். ‘பாதியில் நிறுத்திட்டாங்க’ என்று வெளியே வந்து சண்டை போடுவதைவிட, கையெழுத்துப் போடும் முன் பேசிவிடலாம். குரல் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன் குழாய்க் கேமராவால் குரல்நாண்களைப் பார்க்கும் ஸ்கோப்பைத் தவிர்க்காதீர்கள். ஒரு குரல்நாண் அசையாமலே குரல் சரியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பணம். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விலக்கக் கூடாதெனப் பட்டியலிட்ட 12 நவீன சிகிச்சைகளில் நெர்வ் மானிட்டரிங்கும் ஒன்று. ஆனால் கம்பெனி உச்சவரம்பு வைக்கலாம். பாலிசித் தாளில் அந்த இடத்தைத் தேடிப் படியுங்கள்.

நாங்கள் செய்த பெரிய தவறு படிவத்தில் இருந்தது. தொழில் என்ற இடத்தில் ‘ஆசிரியை’ என்று எழுதிவிட்டோம். முந்தைய நாள் மாலை மயக்க மருத்துவர் வந்து, “என்ன பாடம் எடுக்கிறீங்கம்மா?” என்றார்.

“பாட்டு, டாக்டர்.”

கையிலிருந்த ஃபைலை மூடினார். உச்ச ஸ்தாயிக்குக் குரல்நாணை இழுத்துக்கொடுக்கும் நரம்பு வேறு, அது தைராய்டின் மேல்முனையை ஒட்டிப் போகிறது, அதைத் தனியாகத் தேடிச் சோதிக்க வேண்டும் என்றார். “நீங்க பாடுறவங்கன்னு சர்ஜனுக்குத் தெரியாதே” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.